ஏஜென்ட் கேட்ட கேள்வி

1

அப்பா முப்பது வருடம் எல்.ஐ.சி. ஏஜென்ட். மணப்பட்டில் எங்கள் வீட்டுக் கதவு எண் யாருக்கும் தெரியாது. கன்னியக்கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி "ஏஜென்ட் வீடு" என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். சின்ன வயதில் அந்தச் சொல்லை நான் ஒரு பட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர், வாத்தியார் மாதிரி ஏஜென்ட்.

அந்தச் சொல்லின் இன்னொரு முகம் 2012இல் தெரிந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். வளைகுடாவுக்குப் போனார். அனுப்பியவரும் ஒரு ஏஜென்ட்தான். அங்கே போய் இறங்கியதும் எலக்ட்ரிக் வேலை இல்லை, கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை தூக்குகிற வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். சொன்ன சம்பளத்தில் பாதிதான் வந்தது. பதினான்கு மாதம் கழித்து, பெரியம்மாவின் நகையெல்லாம் போன பிறகு, ஊர் திரும்பினார்.

"நீயும் ஏஜென்ட்தானே, நீயே போய் கேளு" என்று பெரியப்பா அப்பாவை அனுப்பினார். கூட நானும் போனேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நான் யாரையும் இழுத்துக்கிட்டுப் போகல சார். அவராத்தான் வந்தாரு, அவராத்தான் கையெழுத்து போட்டாரு. படிச்ச பையன்." கையெழுத்து அண்ணனுடையதுதான். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துவிட்டார். ஊரிலும் அப்புறம் அதையே சொன்னார்கள்: "அவனாத்தானே கையெழுத்து போட்டான்."

போன வருடம் சென்னையில் எங்கள் அலுவலகக் கூட்டத்தில் இந்த வாக்கியம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர் புகார்களைத் தானே படித்து, தானே முடிவெடுத்து, பணத்தைத் திருப்பி அனுப்பக்கூடிய ஒரு மென்பொருளை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். இப்போது எல்லாரும் 'ஏஜென்ட்' என்கிறார்களே, அது. மேலாளர் கேட்டார்: "இதுக்கு எவ்ளோ ஏஜென்சி குடுக்கலாம்?" ஒரு மணி நேரம் பேசினோம். ஆளுக்கு ஒரு பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்குப் பாதியில்தான் உறைத்தது.

2

ஒவ்வொரு துறையாகப் பார்க்கலாம். முதலில் சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182ஆம் பிரிவில் ஏஜென்ட் யார் என்று சொல்கிறது. இன்னொருவருக்காக ஒரு செயலைச் செய்யவோ, மூன்றாமவரிடம் அவர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவர். செய்வது ஏஜென்ட், ஆனால் சட்டத்தின் கண்ணில் செய்தவர் முதல்வர், அதாவது அவரை அமர்த்தியவர். 

பொருளியலில் இதே உறவு ஒரு சிக்கலாக மாறுகிறது. 1976இல் ஜென்சனும் மெக்லிங்கும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, முதல்வரின் நலனும் முகவரின் நலனும் ஒன்றாக இருக்காது என்பதிலிருந்து தொடங்குகிறது. முகவரைக் கண்காணிக்க ஆகும் செலவு, கண்காணித்தும் நேரும் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் 'ஏஜென்சி செலவு' என்றார்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவருக்குத் தலைதான் முக்கியம், தலைக்கு உரியவரின் கதி முக்கியமில்லை. இதை அறிய எங்கள் ஊரில் பொருளியல் தேவைப்படாது.

காக்கிநாடாக்காரரான என் சக ஊழியருக்கு ஏஜென்சி என்பது ஒரு நிலப்பரப்பு. "எங்க மாமா ஏஜென்சில வாத்தியார்" என்பார். 1839ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளைச் சாதாரண நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து எடுத்து, கலெக்டரை 'கவர்னரின் ஏஜென்ட்' ஆக்கி அவர் கையில் கொடுத்தது. ஏஜென்ட் ஆண்ட இடம் ஏஜென்சி. அல்லூரி சீதாராம ராஜு 1922இல் கிளர்ச்சி தொடங்கியது அந்த மலைகளில்தான். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், அவர்கள் ஏஜென்டும் போய்விட்டார், ஆனால் காட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பாடப்புத்தகத்தில் இது வேறு. 1995இல் ரசலும் நார்விக்கும் எழுதிய செயற்கை நுண்ணறிவு நூலில், சூழலை உணர்ந்து அதன்மேல் செயல்படும் எதுவும் ஏஜென்ட்தான். அறை சூடானால் தானே ஓடத் தொடங்கும் ஏ.சி.கூட அந்த வரையறைக்குள் வந்துவிடும்.

சமூக அறிவியலுக்குப் போனால் சொல் தலைகீழாகிறது. அங்கே ஏஜென்சி என்றால் இன்னொருவருக்காகச் செய்வது இல்லை. தானாக, தன் விருப்பத்தில், தன்னைச் சுற்றியிருக்கும் கட்டுகளுக்கு நடுவிலும் செயல்படும் வல்லமை. தமிழில் இதை முகமை, செயலாண்மை, செயலுரிமை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். அமர்த்தியா சென் 'வளர்ச்சியே விடுதலை' என்ற கருத்தை விளக்கும் தன் 1999ஆம் ஆண்டு நூலில் இந்தக் குழப்பத்தை நேராகவே எடுத்துப் பேசுகிறார். பொருளியலார் சொல்லும், பிறர் சார்பில் இயங்கும் முகவரைத் தான் குறிக்கவில்லை. தானே செயல்பட்டு மாற்றத்தை உண்டாக்குபவரைக் குறிக்கும் பழைய பொருளிலேயே ஆள்கிறேன் என்கிறார்.

ஒரே சொல் 'பிறருக்காகச் செய்பவர்' என்றும் 'தானாகச் செய்பவர்' என்றும் எப்படிப் பொருள் தருகிறது? நாம் பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்தபோதே இதைக் கடந்து வந்திருக்கிறோம். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது. தச்சனால் நாற்காலி செய்யப்பட்டது. இரண்டிலும் 'ஆல்' உருபுதான். ஆனால் கரிகாலன் கல் சுமக்கவில்லை, அவன் ஏவுதல் கருத்தா. தச்சன் இயற்றுதல் கருத்தா. இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தது. செயலுக்குச் சொந்தக்காரர் ஏவியவரா, இயற்றியவரா என்ற கேள்வியை நம் இலக்கணம் இரண்டு பெயர் வைத்துப் பிரித்திருக்கிறது. பாணினியும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். செயலில் தற்சார்பாக நிற்பவரே கர்த்தா என்று சொல்லிவிட்டு, அவரைத் தூண்டுபவருக்கும் அந்தப் பெயர் உண்டு என்று அடுத்த சூத்திரத்திலேயே சேர்க்கிறார்.

அண்ணன் விஷயத்தில் ஏவியது யார், இயற்றியது யார்? தாளில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது.

3

இந்தக் கேள்வி எங்கள் கடற்கரைக்குப் புதிதில்லை என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆங்கிலேய இந்தியாவில் கூலிகளைக் கடல்கடந்து அனுப்புவதற்கு 1839இல் தடை வந்தது. 1842இல் மொரீஷியசுக்கு மட்டும் திறந்தார்கள். அந்தச் சட்டம் புதுச்சேரியையும் காரைக்காலையும் தொடாது, அவை பிரெஞ்சு மண். 1848 டிசம்பர் 20 அன்று ரியூனியன் தீவில் அடிமைமுறை முடிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஓரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவிலும் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. அதன் பிறகு வந்த முப்பது சொச்ச ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000க்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். ரியூனியனுக்குப் போனவர்கள் அதைவிட அதிகம். பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் வழியாக. அவர்களில் பலர் பிரெஞ்சுக் குடிகளே இல்லை. தென்னாற்காடு, தஞ்சை மாவட்டங்களிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள், அல்லது வரவழைக்கப்பட்டவர்கள்.

எல்லை தாண்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டாக இருக்காது. பாகூர் கொம்யூனில் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் ராஜ்ஜியம் மாறிவிடும். இன்றும் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுகிறது. அன்று மாறியது சட்டம். ஆள்பிடிக்கும் மேஸ்திரிக்கு அந்த வாய்க்கால்தான் முதல். ஆள் கடத்துகிறார்கள் என்று சென்னை அரசாங்கத்துக்குப் புகார் மேல் புகார் போயிற்று.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் 1861 ஜூலை 1 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் ஏஜென்ட் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு ஆள்சேர்ப்பு மையத்திலும் பிரெஞ்சு அரசு ஓர் ஏஜென்டை நியமிக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு அவரை ஏற்க வேண்டும். வேண்டாமென்றால் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பிரெஞ்சுத் துறைமுகங்களில் பிரிட்டிஷ் தரப்பைப் பார்த்துக்கொள்ள பிரிட்டிஷ் அரசின் ஏஜென்டும் உண்டு. ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேர வேலை. முடிந்ததும் செலவில்லாமல் ஊர் திரும்பக் கப்பல்.

என்னை நிறுத்திய பகுதி வேறு. கப்பலில் ஏற்றும் முன் ஒவ்வொருவரைப் பற்றியும் அதிகாரி சிலவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இவர் தன் விருப்பத்தில்தான் போகிறாரா? ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று தெரியுமா? எந்த ஊருக்குப் போகிறோம், பயணம் எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியுமா?

அந்த மேசையைக் கற்பனை செய்து பார்க்கிறேன். மேசைக்கு ஒரு பக்கம் ஏஜென்ட், ஓர் அரசாங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருப்பவர். அவர் பின்னால் இன்னும் யார் யாருடைய சார்பிலோ தரகர், மேஸ்திரி, துபாஷி. மறுபக்கம் சார்புக்கு ஆளில்லாத ஒரு பெண். முதல் பொருளிலான ஏஜென்ட், இரண்டாவது பொருளிலான ஏஜென்சி அவளுக்கு இருக்கிறதா என்று கேட்கிறார். நீயாகத்தான் போகிறாயா? அவள் "ஆமாங்க" என்கிறாள். பதிவேட்டில் அது ஏறுகிறது. அவள் வாழ்நாளில் அவள் விருப்பம் என்ன என்று ஓர் அரசாங்கம் கேட்டு எழுதிவைத்தது அந்த ஒருமுறையாகவே இருக்கலாம்.

4

அந்த 'ஆம்' பற்றி வரலாற்றாசிரியர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள்.

1974இல் ஹியூ டிங்கர் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பே இதை அடிமைத்தனத்தின் புதிய வடிவம் என்றது. 1840இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரசல் பயன்படுத்திய தொடர் அது. டிங்கரின் பார்வையில் கூலிகள் ஏமாற்றப்பட்டார்கள், பிடித்துவரப்பட்டார்கள், அவர்களின் 'ஆம்' வெறும் காகிதம். 1983இல் பிரிஜ் லால், ஃபிஜிக்குப் போனவர்களைப் பற்றிய தன் நூலில் இதை மறுத்தார். அவர் ஃபிஜியில் பிறந்தவர், ஒப்பந்தக் கூலியின் பேரன். ஆயிரக்கணக்கான குடியேற்றச் சீட்டுகளை எண்ணிப் பார்த்து, போனவர்கள் எல்லாரும் ஏமாளிகள் இல்லை, பலர் ஊரைவிட்டு வேலை தேடி ஏற்கெனவே வெளியேறியிருந்தவர்கள் என்று காட்டினார். மொரீஷியஸ் பற்றி எழுதிய மரீனா கார்ட்டர், திரும்பிவந்த கூலிகளே சொந்தபந்தங்களை அழைத்துப் போனதைக் காட்டினார்.

இந்த இரண்டாவது வாதத்தின் பலம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்து வயற்காட்டைப் பார்த்தாலே போதும். தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குப் படியாளாக இருந்த ஒருவருக்குக் கப்பல் தப்பிக்கும் வழியாகத் தெரிந்திருக்காதா? புருஷன் செத்து, புகுந்த வீட்டில் வேலைக்காரியாகிப்போன ஒருத்திக்கு? அவர்களை வெறும் சுமைமூட்டையாக எழுதினால், இரண்டாவது தடவை அவர்களிடமிருந்து எதையோ பிடுங்கிய மாதிரி. அவர்களுக்கும் கணக்கு இருந்தது, ஆசை இருந்தது, துணிச்சல் இருந்தது. வரலாற்றாசிரியர்கள் 'ஏஜென்சி' என்ற சொல்லை எளியவர்கள் பக்கம் கொண்டுவந்தது ஒரு மரியாதை.

ஆனால் அந்த மரியாதையைத்தான் அந்த மேசை இழுப்பறைக்காரரும் அண்ணனுக்குக் கொடுத்தார். படிச்ச பையன். அவராத்தான் வந்தாரு.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்த நேரத்தில் புதுச்சேரித் துறைக்கு நடந்துவந்த ஒருவரிடம் "நீயாகத்தான் போகிறாயா?" என்று கேட்டால் அவர் பொய் சொல்லாமலே "ஆம்" என்பார். யாரும் அவரைக் கட்டி இழுத்துவரவில்லை. ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவில் சொல்லும் வற்புறுத்தல், மோசடி எதுவுமே இல்லாமல்கூட அந்த 'ஆம்' வந்திருக்கலாம். அதைச் செயலுரிமை என்று எழுதினால் பஞ்சம் பதிவேட்டிலிருந்து மறைந்துபோகும். செயலுரிமை இல்லை என்று எழுதினால் நடந்துவந்த மனிதர் மறைந்துபோவார்.

5

என் ஆயா பாகூர்க்காரர். பிறந்தது 1946இல், பிரெஞ்சு ஆட்சியில். அவருடைய குடியுரிமையை முடிவுசெய்த கதையில் 'ஆம்' என்ற சொல்லே இல்லை.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். மொத்த ஜனங்களுக்கும் சேர்த்து 178 முகவர்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் எழுதிக்கொடுக்கலாம். எழுதிக்கொடுக்காதவர் இந்தியர். 18 வயதாகாத, மணமாகாத பிள்ளைகளுக்குப் பெற்றோரின் முடிவே முடிவு.

ஆயாவுக்கு அப்போது 16 வயது. "எங்கப்பாரு ஏர் ஓட்டிக்கினு இருந்தாரு. பிரெஞ்சு கவுர்மெண்டு போச்சுன்னு தெரியும். எழுதிக் குடுக்கணும்னு எவன் வந்து சொன்னான்?" என்பார். அதில் அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. பென்ஷன் வாங்கும் பிரெஞ்சுக்காரர் வீட்டுத் திருமணங்களைப் பார்க்கும்போது மட்டும் லேசாகச் சிரிப்பார். கொள்ளுத்தாத்தா ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒன்றும் செய்யாமையை ஒப்பந்தம் ஒரு செயலாகக் கணக்கு வைத்துக்கொண்டது. பிப்ரவரியில் ஆறு மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு மனம் மாறினாலும் அந்தக் கதவு இல்லை.

துறைமுகத்தில் சொன்ன 'ஆம்', பாகூரில் சொல்லாமல் விட்ட 'வேண்டும்'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருவர் தானாகச் செய்தாரா என்று அந்த ஒரு கணத்தை மட்டும் உற்றுப்பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதன் பிறகு அவரால் மாற்றிச் சொல்ல முடிந்ததா என்று பார்க்க வேண்டும்.

1861 உடன்படிக்கையை அப்படிப் படித்தால் விஷயம் துலங்குகிறது. ஏஜென்டுக்குக் கொடுத்த ஒப்புதலை அரசு திரும்பப் பெறலாம். ஒப்பந்தச் சட்டமும் 201ஆம் பிரிவில், முகவருக்குக் கொடுத்த அதிகாரத்தை முதல்வர் திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த ஏற்பாட்டில் தன் சொல்லைத் திரும்பப் பெறமுடியாத ஒரே ஆள் கூலிதான். தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் போனால் குற்றம். ஐந்து ஆண்டு கழித்துக் கப்பல் உண்டு என்று தாளில் இருந்தது. கையில் கொஞ்சம் முன்பணத்தைக் கொடுத்து மறு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதும் நடந்தது. ரியூனியன் நிலைமையை விசாரிக்க 1877இல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டு ஆணையம் அனுப்பின. கடைசியில் 1882இல் பிரிட்டிஷ் இந்தியா அந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஏற்கெனவே போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

திரும்ப முடியாதவர்களின் பிள்ளைகள் வேறொரு வழியில் அந்தச் சொல்லை மீட்டார்கள். குவாதலூப்பில் 1863இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். ஒப்பந்தத்தில் போன தமிழர் வழி. 1904இல், தீவிலேயே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று ஆளுநர் தரப்பு எதிர்த்தபோது அவர் வழக்காடினார். வழக்கு இழுத்து இழுத்து 1923இல்தான் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. 19 ஆண்டு. மேசையில் யாரோ கேட்டுப் பதிவுசெய்த ஒரு நொடி 'ஆம்' பக்கத்தில் அந்த 19 ஆண்டை வைத்தால், செயலுரிமை என்ற சொல்லுக்கு எடை வருகிறது.

6

அலுவலகத்தில் அடுத்த கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். இது ஒரு முடிவெடுத்துவிட்டால், அதை யார், எவ்வளவு நேரத்துக்குள் திரும்பப் பெற முடியும்? அதைத் தீர்மானித்த பிறகு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று பேசுவோம். அப்படியே அந்த இரவுக்குள் ஒரு பட்டியல் தயாரானது. திரும்பப் பெறக்கூடிய வேலைகளை அது தானே செய்யலாம். முடியாதவற்றுக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்றுப் பெயர் போட வேண்டும். 'சிஸ்டம் செய்தது' என்று எழுதக் கூடாது. ஏவுதல் கருத்தாவின் பெயர் பதிவில் இருந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் இப்போது கிருமாம்பாக்கத்தில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் மணப்பட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு வருடம் கேட்காததைக் கேட்டேன். "அப்ப நீங்களாத்தான் போனீங்களா, இல்ல அந்தாளு ஏமாத்திட்டானா?"

அவர் கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"போனது நான்தான்டா. யாரும் தள்ளல. வீட்டுல உக்கார முடியாம, நாலு காசு பாக்கணும்னு நானாத்தான் போனேன். அத எவன்கிட்டயும் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கிட்டான் பாரு, அதுக்கப்புறம் அங்க இருந்தது நான் இல்ல."

இருட்டியதும் எழுந்து வீட்டுக்கு நடந்தோம்.